பயிரைப் பிழிந்து பயிருக்கு ஊற்றுவது

தக்காளியில் முதல் கொத்துக் காய்கள் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தன. அடி இலைகளின் ஓரம் தீய்ந்ததுபோல் காயத் தொடங்கியிருந்தது. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், போதவில்லை என்பதைச் செடி இதைவிடச் சத்தமாகச் சொல்லாது. வரப்புக்கு அந்தப் பக்கம், அடுத்த பயிருக்காக விதைத்துவிட்டிருந்த சணப்பு இடுப்பு உயரத்தில் கரும்பச்சையாக நின்றது. அதற்குள் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது, சாம்பல் சத்தும் இருக்கிறது. ஆனால் அதை மடக்கி உழுது, அது மக்கி, சத்தாக மாறி வருவதற்குள் தக்காளி முடிந்துபோயிருக்கும். தவிர, சணப்பு நிற்பது வேறு வயல். தக்காளி நிற்பது வேறு வயல்.

சணப்புபோல் மண்ணில் மடக்கி உழுவதற்கென்றே வளர்க்கும் பசுந்தாள் பயிர் போடுகிற எல்லோருக்கும் இந்தக் கடுப்பு தெரிந்திருக்கும். பூக்கும் முன்பே, இளசாக மடக்கினால் இரண்டு மூன்று வாரத்திலேயே தழைச்சத்தைக் கொட்டிவிடும். அந்த நேரத்தில் புதுப்பயிர் நாலு இலையோடு நின்றுகொண்டிருக்கும், அதற்கு அவ்வளவு சாப்பிடத் தெரியாது. மிச்சம் நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கிவிடும். சரி, முற்ற விட்டு மடக்கலாம் என்றால் தண்டில் நார் ஏறியிருக்கும். கரிமம் ஒருபக்கம் கூடி, தழைச்சத்து ஒருபக்கம் குறைந்து, இரண்டுக்கும் உள்ள விகிதம் 25ஐத் தாண்டிவிட்டால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் கடன் வாங்கிக்கொள்ளும். புதுப்பயிர் மஞ்சளடித்து நிற்கும். இளசு என்றால் அவசரக்காரன், முற்றல் என்றால் கஞ்சன். நடுவில் ஒரு நாலைந்து நாள்தான் நமக்குச் சாதகம். அந்த நாலைந்து நாளில்தான் மழை பெய்யும், அல்லது டிராக்டர் கிடைக்காது.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. மண்ணுக்குள் போட்டு மக்கவிடுவதற்குப் பதில் சணப்பை நசுக்கிப் பிழிந்து, சாற்றைத் தக்காளி வேருக்கு ஊற்றினால் என்ன? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “ஏம்ப்பா, மண்ணு செய்யுற வேலைய நீ செய்யப் போறியா?” என்றார். கேலிதான். ஆனால் இரண்டு வருடம் இதைச் செய்து பார்த்த பிறகு, அதைவிடச் சரியாக இந்த வேலையை வேறு யாரும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது.

முதலில் சாற்றில் என்ன வரும், என்ன வராது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சணப்புபோல் மண்ணை மூடி வளர்க்கிற இளம் மூடுபயிரில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு தண்ணீர். இந்தத் தண்ணீருக்குள்தான் பொட்டாசியம் கரைந்து கிடக்கிறது. செடியின் உடலில் அது எதோடும் கட்டுண்டு இருப்பதில்லை. அயனியாகச் செல் சாற்றிலேயே மிதக்கும். அதனால் செடியிலிருந்து எவ்வளவு தண்ணீரை வெளியே எடுக்கிறோமோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் பொட்டாசியமும் கூடவே வந்துவிடும். கால்சியம் இதற்கு நேர்மாறு. செல்சுவரில் பெக்டினோடு பிணைந்தோ, ஆக்சலேட் படிகமாகவோ உட்கார்ந்திருக்கும். எவ்வளவு பிழிந்தாலும் அதில் பெரும்பகுதி சக்கையோடு தங்கிவிடும். இந்த வித்தியாசம் பின்னால் என்னைக் கடித்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

தழைச்சத்து இரண்டுக்கும் நடுவில். அதில் பெரும்பகுதி புரதத்துக்குள் இருக்கிறது. பச்சை இலையில் கரையக்கூடிய புரதத்தில் கிட்டத்தட்டப் பாதி ரூபிஸ்கோ என்கிற ஒரே நொதிதான். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது அதுதான். அது இருப்பது பசுங்கணிகத்துக்குள், பசுங்கணிகம் இருப்பது செல்லுக்குள். செல்சுவர் கிழிந்தால்தான் அது வெளியே வரும். ஆகவே நசுக்குவது வேறு, பிழிவது வேறு. ஈரத்துணியைப் பிழிவதுபோல் தழையைப் பிழிந்தால் பொட்டாசியம் கலந்த தண்ணீர் வரும், புரதம் வராது. முதலில் கூழாக்க வேண்டும், பிறகு பிழிய வேண்டும். வருகிற சாறு அடர்பச்சையாக, நுரையோடு, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் புரதம் வந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிர்பச்சைத் தண்ணீராக வந்தால் செல் சரியாக உடையவில்லை.

இனி கணக்கு. ஒரு டன் பசுந்தழையை எடுத்துக்கொள்வோம். 800 கிலோ தண்ணீர், 200 கிலோ உலர்பொருள். பயறுவகை மூடுபயிர் பூக்கும் தருவாயில் இருந்தால் உலர்பொருளில் 3 சதவீதம் தழைச்சத்து என்று வைக்கலாம், ஆக 6 கிலோ. பொட்டாசியம் 2 சதவீதம், ஆக 4 கிலோ. நல்ல திருகு அழுத்தி இருந்தால் ஒரு டன்னுக்கு 500 லிட்டர் சாறு எடுக்கலாம். தழைச்சத்தில் பாதி வந்தால் 3 கிலோ. பொட்டாசியம் இரண்டேகால் கிலோ. அதாவது ஒரு லிட்டர் சாற்றில் 6 கிராம் தழைச்சத்து, நாலரை கிராம் பொட்டாசியம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

இந்த எண்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதற்கு ஈடாக 75 லிட்டருக்கு மேல் சாறு வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து கேட்கும் காய்கறிப் பயிருக்கு முழுவதும் சாற்றாலேயே கொடுப்பது என்றால் 16,000 லிட்டருக்கு மேல் ஆகும். அவ்வளவு சாற்றுக்கு 33 டன் தழை பிழிய வேண்டும். ஒரு ஹெக்டேர் மூடுபயிர் நன்றாக வந்தாலே 20 டன் சொச்சம்தான். ஆக, ஒரு ஹெக்டேர் காய்கறிக்கு ஒன்றரை ஹெக்டேர் சணப்பு. இது உரத்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால், அவர் பிழிந்து பார்த்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? எனக்கு விளங்கியது இதுதான். பிழிவதால் ஒரு குண்டுமணி சத்துகூடப் புதிதாக உண்டாவதில்லை. இருக்கிற சத்து, கிடைக்கும் வேகத்தை வைத்து இரண்டாகப் பிரிகிறது. உடனே கிடைக்கக்கூடியது சாற்றில் வந்துவிடுகிறது, மெதுவாகக் கிடைக்கக்கூடியது சக்கையில் தங்கிவிடுகிறது. மடக்கி உழும்போது இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் மண்ணுக்குள் போகின்றன. பிழிந்தால் இரண்டையும் தனித்தனி இடத்துக்கு, தனித்தனி நாளில் கொடுக்க முடிகிறது. அடியுரமாக இதை நினைக்கவே கூடாது. பூவும் காயுமாக நிற்கும் பயிருக்கு, இங்கே கொஞ்சம் இப்போது வேண்டும் என்கிற இடத்துக்கு மேலுரம். அந்த அளவில் இது கெட்டிக்கார வேலை.

என் கருவியைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தீவனம் வெட்டும் இயந்திரத்தில் தழையைப் பொடியாக நறுக்கி, பழைய கரும்பு பிழியும் உருளையில் இரண்டு தடவை விட்டேன். நூறு கிலோவுக்கு 35 லிட்டர் வந்தது. சக்கையின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி விட்டால் இன்னும் கொஞ்சம் சத்து வரும், சாறு நீர்த்துத்தான் இருக்கும். எப்படியும் தண்ணீர் கலக்கத்தானே போகிறோம், பரவாயில்லை. உருளை, கரும்புக்குச் செய்வதுபோல் தழைக்குச் செய்வதில்லை. தழை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தண்டும் கலந்து போட்டால்தான் பிடிமானம் கிடைக்கிறது. காலையில், பனி இறங்கிய உடனே வெட்டினால் சாறு அதிகம். சாயங்காலம் வெட்டினால் சாறு குறைவு, ஆனால் பகல் முழுவதும் வெயிலில் சேர்த்த சர்க்கரை அதில் கூடுதல். எது வேண்டும் என்பது சாற்றை என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் என் முதல் பருவம் முழுவதும் வீணானது.

முதல் நாள் பிழிந்ததை அப்படியே, தண்ணீர் கலக்காமல், ஒரு பாத்தி கத்தரி நாற்றுக்கு ஊற்றினேன். மறுநாள் மதியம் நாற்றுகள் தலை தொங்கின. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. பிறகு உப்பு பார்க்கும் மீட்டரைச் சாற்றில் வைத்தால், டெசிசீமன்ஸ் என்கிற உப்பு அளவையில் 10ஐத் தாண்டிக் காட்டியது. நாற்றங்காலுக்கு ஒன்று, ஒன்றரை போதும். போதாததற்குச் சாற்றில் சர்க்கரையும் புரதமும் இருப்பதால், மண்ணில் ஊற்றியதும் நுண்ணுயிர்கள் திருவிழாபோல் பெருகி, வேருக்கு வேண்டிய ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். நான் நாற்றுக்குச் சத்து கொடுப்பதாக நினைத்து மூச்சை நிறுத்தியிருக்கிறேன்.

இரண்டாவது, சொட்டுநீர். சாற்றைத் துணியில் வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து தொட்டியில் விட்டேன். பத்து நிமிடத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. கழுவிக் கழுவி ஒருவழியாக முடித்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சொட்டுவான்கள் பாதிக்கு மேல் ஊமை. திறந்து பார்த்தால் உள்ளே பாசிபோல் வழவழவென்று ஒரு படலம். துணி வழியாகப் போகிற பசுங்கணிகத் துணுக்கும் புரதமும் குழாய்க்குள் போய் உட்கார்ந்து, அதன்மேல் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. எவ்வளவு நெருக்கமான வலை போட்டாலும் கரைந்திருக்கும் புரதத்தைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது, மிச்சம் இருந்த அறுபது எழுபது லிட்டரைத் திறந்த டிரம்மில் விட்டுவிட்டு ஐந்து நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். “டிரம்முக்குள்ள எதாவது விழுந்து செத்துக் கெடக்கா பாரு, அப்புறமா உள்ள வா.” எதுவும் சாகவில்லை. புரதம் அழுகி அம்மோனியாவாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணைக் கரிக்கும் அந்த நாற்றம்தான் நான் வெட்டி, நறுக்கி, பிழிந்த தழைச்சத்து. காசு கொடுத்து வாங்கியிருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

பச்சைச் சாறு பால் மாதிரி. வெளியே வந்த நிமிடத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. மேற்பரப்பு ஒரு மணி நேரத்துக்குள் பழுப்பாகும். பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்கிற நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. உள்ளே இலையின் சொந்த நொதிகளே புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கும். கூடவே தழையின் மேலிருந்த பாக்டீரியாக்கள். எனவே ஒன்று, பிழிந்த அன்றே ஊற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பாலைத் தயிராக்குவதுபோல் இதையும் நாம் விரும்பும் பக்கமாகக் கெடுக்க வேண்டும்.

கால்நடைக்கு சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம், போடுகிறவர்களுக்கு இது பழைய பாடம். காற்றை விலக்கினால் லாக்டிக் அமில பாக்டீரியா மேலோங்கும், புளிப்பு ஏறும், மற்றவை அடங்கும். நான் டிரம்மை விளிம்புவரை நிரப்பி, மூடியில் ஒரு சின்னக் குழாய் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. குழாய் வைக்காமல் இறுக மூடினால் டிரம் பலூன் மாதிரி உப்பும். இதுவும் பட்டறிவுதான், அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். தனிச் சணப்பு சரியாகப் புளிக்கவில்லை. பயறுவகையில் சர்க்கரை குறைவு, அமிலத்தை எதிர்த்து நிற்கும் திறனும் அதிகம். அடுத்த தடவை மூன்றில் ஒரு பங்கு இளம் கம்பு கலந்து, சாயங்கால வெட்டாக எடுத்தேன். நாலு நாளில் கார அமில நிலை (pH) 4.5க்குக் கீழே போனது. மூடியைத் திறந்தால் புளித்த வாடை, அவ்வளவுதான். புளிப்பு வாடை வந்தால் சரியான பாதை. அழுகிய வெண்ணெய் மாதிரி அடித்தால் வேறு பாக்டீரியா புகுந்துவிட்டது. கண் எரிந்தால் தழைச்சத்து பறந்துகொண்டிருக்கிறது, உடனே மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

ஆனால் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்திருந்தது. டிரம்மின் பக்கத்தில் பதித்திருந்த கண்ணாடிக் குழாயில் பார்த்தால் மேலே தேநீர் நிறத்தில் தெளிவான நீர், கீழே பச்சை மண்டி. பால் திரிந்ததுபோல் சாறு திரிந்து பிரிந்திருந்தது. ரூபிஸ்கோ கரைந்து நிற்க அமில நிலை இடம் கொடுக்காது, திரண்டு பசுங்கணிகத் துணுக்குகளையும் இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். சொட்டுவானை அடைத்த சனியன் எல்லாம் தானாகவே கீழே போய்விட்டது.

இதை நான் கண்டுபிடித்ததாக ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு படித்தால், இலைச்சாற்றைச் சூடாக்கினால் பச்சைத் திரள் பிரிவதை 1773லேயே ஹிலேர் ரூயெல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டை நினைத்து, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் என். டபிள்யூ. பிரீ இலைப் புரதத்தை மனிதர்கள் சாப்பிடும்படி பிரிக்கும் வேலையில் இறங்கி, பல பத்தாண்டுகள் அதையே தொடர்ந்தார். இப்போது டென்மார்க்கில் புல்லையும் க்ளோவர் என்கிற தீவனப் பயிரையும் இதே முறையில் பிழிந்து, திரளைப் பன்றிக்கும் கோழிக்கும் புரதத் தீவனமாக்குகிறார்கள். அவர்களுக்குத் திரள்தான் சரக்கு. மேலே நிற்கும் பழுப்புச் சாறு என்ன செய்வது என்று தெரியாமல் மிஞ்சும் பொருள். சாண எரிவாயுக் கலனுக்கோ வயலுக்கோ போகும். எனக்கோ அந்த மிச்சம்தான் வேண்டும். ஒருவருடைய கழிவு இன்னொருவருக்கு மேலுரம்.

ஆக இப்போது என்னிடம் இரண்டல்ல, மூன்று பொருள்கள். தெளிந்த பழுப்பு நீர், பச்சை மண்டி, சக்கை. தெளிநீரில் பொட்டாசியம் கிட்டத்தட்ட முழுவதும் இருக்கிறது. தழைச்சத்தில் ஏற்கெனவே உடைந்த அமினோ அமிலம், கொஞ்சம் அம்மோனியம், நைட்ரேட். இது சொட்டுநீர் வழியாகப் போகலாம், வேருக்குச் சில நாளிலேயே எட்டிவிடும். மண்டி முழுப் புரதம். மண்ணில் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியமாக்கி, பின் நைட்ரேட்டாக்க வெதுவெதுப்பான மண்ணில் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதைக் கரைத்து, செடி ஓரம் சின்னப் பள்ளம் பறித்து ஊற்றி மண்ணால் மூடிவிடுகிறேன். மூடாவிட்டால் ஈ மொய்க்கும். சக்கைக்குக் காலம் ஒரு பருவம்.

அளவைப் பற்றிக் கேட்பீர்கள். வளர்ந்த செடிக்கு ஒரு பங்கு தெளிநீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், நாற்றுக்கு இருபது முப்பது. செடிக்கு வாரம் ஒருமுறை 100 மில்லி சாறு, தண்ணீர் கலந்தால் ஒரு லிட்டருக்கு மேல். அதில் அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவான பொட்டாசியம் போகும். ஒரு தக்காளிச் செடியின் வாழ்நாள் தேவைக்கு அது ஒரு பகுதிதான். காய்க்கும் நேரத்துக்குக் கைகொடுக்கும் பகுதி. இலையில் தெளிப்பதை நான் விட்டுவிட்டேன். சர்க்கரை கலந்த நீர் இலையில் காய்ந்தால் பூஞ்சைக்கு நாமே பாய் விரித்த மாதிரி. பச்சையாகத் தின்னும் கீரைகளின் மேல் புளித்த சாற்றைத் தெளிப்பது சுத்தத்துக்கும் நல்லதில்லை.

பலன் தெரிந்ததா? முதல் தடவை ஒப்பிடுவதற்காக நாலு வரிசைக்கு வெறும் தண்ணீர் விட்டிருந்தேன். சாறு போன வரிசைகளில் இலை ஓரக் கருகல் அடி இலைகளோடு நின்றது. வெறும் தண்ணீர் விட்ட நாலு வரிசையில் அது நடுச்செடிவரை ஏறியது. கருகிய இலை எதுவும் திரும்பப் பச்சையாகவில்லை, ஆகவும் ஆகாது. விளைச்சலை வரிசைவாரியாக எடைபோட்டிருக்க வேண்டும். போடவில்லை. அறுவடைக்கு வந்தவர்கள் எல்லாக் கூடையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள், எனக்கும் அன்று காலை தூக்கம்.

அப்புறம் அந்தக் கால்சியக் கதை. பலன் தெரிந்த உற்சாகத்தில் வாரம் ஒருமுறையை இரண்டாக்கி, பத்து மடங்கை ஐந்தாக்கினேன். மூன்றாம் வாரம் காயின் அடிப்பக்கம் கறுத்து, தட்டையாகி, தோல்போல் காய்ந்தது. பூச்சியா நோயா என்று இரண்டு நாள் குழம்பினேன். இரண்டும் இல்லை, காய்க்குக் கால்சியம் எட்டவில்லை. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் வேர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுப்பது குறையும். உப்பு கூடினால் தண்ணீர் இழுப்பதும் குறையும், கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். நான் ஊற்றிய சாற்றில் பொட்டாசியம் நிறைய, கால்சியம் இல்லாத குறை. அந்தக் கால்சியம் எல்லாம் வரப்போரம் நான் குவித்து வைத்திருந்த சக்கைக்குள் பத்திரமாக இருந்தது. செடி முழுசாக இருந்தபோது சமமாக இருந்ததை நான்தான் பிரித்துவிட்டேன். பிரித்தவன்தான் பொறுப்பு.

எந்தப் பயிரைப் பிழியலாம்? பயறுவகைகள் பெரும்பாலும் சரி. சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, குதிரைமசால், க்ளோவர். சணப்பில் காய் விட்ட பிறகு வேண்டாம். விதையில் நச்சு அல்கலாய்டு இருக்கிறது, அந்தச் சக்கையை மாட்டுக்கும் போடக்கூடாது. இளம் சோளத்தைப் பிழிந்தால் அதிலுள்ள துரின் என்கிற பொருள் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு என்கிற நச்சு வாயு வெளியாகும். மூடிய கொட்டகைக்குள் அதைக் கூழாக்கிக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. கடுகை நசுக்கினால் ஐசோதயோசயனேட் என்கிற காரமான ஆவி கிளம்பும். மண்ணிலுள்ள பூஞ்சையையும் நூற்புழுவையும் அடக்க அதையே மருந்தாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் இளவேரும் அதில் வாடும். எந்தச் சாறாக இருந்தாலும் விதைத்த பாத்தியில் முளைவிடும் முன் ஊற்றாதீர்கள். முளைப்பை அடக்கும் பொருள்கள் பல செடிகளின் சாற்றில் உண்டு. களையையும் கவனிக்க வேண்டும். மூடுபயிருக்குள் ஊமத்தையும் மணத்தக்காளியும் வளர்ந்திருந்தால் பிடுங்கிவிட்டுத்தான் வெட்டுகிறேன். தக்காளிக் குடும்பத்துக் களையில் மொசைக் வைரஸ் இருந்தால் சாறு பிழிவதைப்போல் அதைப் பரப்ப எளிய வழி வேறு இல்லை. புகையிலை மொசைக் வைரஸ் புளிப்புக்கும் சாகாது, சாதாரணச் சூட்டுக்கும் சாகாது.

டிரம் கழுவிய தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். சைலேஜ் குழியிலிருந்து கசியும் நீர், தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்பதில் வீட்டுச் சாக்கடையைவிட இருநூறு மடங்கு மோசம் என்பது பால் பண்ணைக்காரர்கள் கசந்து தெரிந்துகொண்ட கணக்கு. நம் சாறும் அதன் தம்பிதான். ஒரு வாளி போதும், சின்னக் குட்டையில் மீன் மிதக்க.

இதையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது சணப்பு நின்ற வயல். ஹெக்டேருக்கு 20 டன் தழையை வெட்டிப் பிழிந்தால் சாற்றோடு 45 கிலோ பொட்டாசியம் அந்த வயலைவிட்டுப் போகிறது. தழைச்சத்தையாவது வேர்முடிச்சு காற்றிலிருந்து பிடித்துத் தரும். பொட்டாசியம் காற்றில் இல்லை, அந்த மண்ணிலிருந்துதான் வந்தது. இரண்டு மூன்று வருடம் ஒரே வயலிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் தக்காளிக்கு நல்லது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு வயலைக் கொள்ளையடிப்பதுதான். அதனால் இப்போது மூடுபயிரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிழிகிறேன், அதுவும் ஒவ்வொரு தடவையும் வயலின் வேறு பட்டையில். மிச்சத்தைப் பழையபடி மடக்கி உழுகிறேன். சக்கை எங்கே போகிறது என்பதையும் மாற்றிக்கொண்டேன். முதலில் அது தக்காளிக்கு மூடாக்காகப் போனது, சௌகரியம் என்பதால். இப்போது பாதி, வெட்டிய பட்டைக்கே திரும்புகிறது. அதில் நார் விகிதம் ஏறியிருப்பதால் உழுது புதைப்பதில்லை, மேலேயே பரப்பிவிடுகிறேன். புதைத்தால் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே கிடந்தால் மெதுவாக மண்புழு பார்த்துக்கொள்ளும்.

வேலை நேரத்தையும் மறைக்கக்கூடாது. நூறு கிலோ வெட்டி, நறுக்கி, இரண்டு தடவை உருளையில் விட்டு, கழுவி வைக்க இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம். வருவது 35 லிட்டர். பெரிய வயல் வைத்திருப்பவர் இதைப் படித்துச் சிரித்தால் நியாயம்தான். கால் ஏக்கர் காய்கறிப் பாத்தி, நாற்றங்கால், பசுமைக்குடில், இப்படிச் சின்ன இடத்தில் பெரிய தேவை இருப்பவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

போன வாரம் வெட்டிய பட்டையை இன்று காலை போய்ப் பார்த்தேன். தரையோடு ஒட்ட வெட்டாமல் முழங்கால் உயரம் விட்டு வெட்டியிருந்தேன். கட்டைகளின் கணுக்களில் பக்கக்கிளை துளிர்த்து ஒரு விரல் நீளம் வந்திருக்கிறது. பெரியவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இதையும் புழிவியா?” என்றார். இல்லை, இதை மடக்கப் போகிறேன் என்றேன். டிரம்மில் இரண்டு வாளி மண்டி மிச்சம் இருந்தது. அவருடைய வாழைக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.